சுவர்ப் பக்கம் உட்காராதே

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள், ஜப்பானின் மொரியோகாவில் அந்த 203-ஆம் எண் வீட்டில் ஒரு சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு வந்து என்னிடம் வாதாடுங்கள்.

2008 டிசம்பர். விவாகரத்து முடிந்து ஒற்றைப் பெட்டியோடு தெருவில் நின்றேன். எனக்கென்று இருந்தது சயோரி ஒருத்திதான். சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். தான் ஒரு மாதம் குடியிருந்த வீட்டை எனக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“குமி, பழைய மர வீடுடி. இடுக்கெல்லாம் காத்து. பெரிய ஹீட்டரப் போட்டு வாங்குற சம்பளத்த அதுக்கே அழாத.”

ஜன்னலுக்குக் குமிழ் பிளாஸ்டிக் ஒட்டினாள். திரையைத் தரை வரை இறக்கினாள். தன் கொதாட்சுவையும் பரிசாக விட்டுப் போனாள். கொதாட்சு என்பது அடியில் சின்ன ஹீட்டர் மாட்டிய குட்டை மேசை. மேலே கனத்த போர்வை. காலை உள்ளே விட்டுக்கொண்டால் போதும், அறையே உறைந்தாலும் ஆள் பிழைத்துக்கொள்ளலாம். கரண்டும் கொஞ்சம்தான் இழுக்கும்.

“சுவர்ப் பக்கம் மட்டும் உட்காராத. அங்க காத்து அடிக்கும்,” என்றாள் வாசலில்.

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக் கொடுத்தேன்.

நான் கஞ்சம். காலையில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஃபிரிட்ஜ்கூட இல்லை, அந்தக் குளிருக்குப் பால்கனியே போதும். அப்படியிருக்க, 16-ஆம் தேதி மாலை 6:40-க்குத் திரும்பியபோது வாசல் மீட்டரின் தகடு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினேன். கொதாட்சுவின் பிளக் தரையில் கிடந்தது. போர்வையைத் தொட்டேன். மூன்று பக்கமும் சில்லென்று இருந்தது. சுவர்ப் பக்கம் மட்டும் வெதுவெதுப்பு.

சயோரிக்கு போன் போட்டேன்.

“மீட்டர் கிழடுடி. உனக்கு எதுலதான் சந்தேகமில்ல? அதான் புருஷன் ஓடிட்டான்,” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் இறங்கியது. “சுவர்ப் பக்கம் உட்காரலைல்ல?”

19-ஆம் தேதி. மாலை 7:12.

ரைஸ் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காலை உள்ளே விட்டிருந்தேன். வெளியே பனி.

டக்.

வீடு முழுக்க கரண்ட் போனது. குக்கரின் விளக்கும் அணைந்தது.

ஆனால் எதிரே, போர்வை ஓரத்தில்... சிவப்பு வெளிச்சம்.

கொதாட்சு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

என் பாதத்தில் ஏதோ பட்டது...

இன்னொரு பாதம்.

ஐஸ்.

அது மெல்ல ஒதுங்கி... எனக்கு இடம் விட்டது.

வெறுங்காலோடு பனியில் இறங்கி ஓடினேன்.

கீழ்வீட்டு ஒகாசாவா அம்மா இழுத்து உள்ளே உட்கார வைத்தார். சுடச்சுட டீ கொடுத்தார்.

“ஒனக்கு யாருமே சொல்லலையாம்மா?”

அக்டோபரில் அந்த வீட்டில் தனியாக இருந்த ஒரு பெரியவர் இறந்துபோனாராம். மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து, கொதாட்சுவுக்குள் காலை விட்டபடியே இருந்தாராம். ஹீட்டர் அப்போதும் எரிந்துகொண்டிருந்ததாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்து வருகிறவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நடுவில் யாராவது கொஞ்ச நாள் இருந்துவிட்டால், அதற்கப்புறம் வருகிறவரிடம் சொல்லத் தேவையில்லை என்பது வீட்டை வாடகைக்கு விடும் தரகரின் கணக்காம். அதனால் ஒரு மாதம் சும்மா குடியிருக்க ஆள் தேடினார். சயோரி கிடைத்தாள். அவளுக்கு அடுத்து ஏமாற ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் கிடைத்தேன்.

அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டேன்.

“வாடகையே வேணாம்னாங்கடி. நான் என்ன பண்ணட்டும்? அதான் சுவர்ப் பக்கம் உட்காராதன்னு சொன்னேனே!”

அப்படியானால் அவளுக்கும் அந்தக் கால் பட்டிருக்கிறது. தெரிந்தே என்னை அங்கே உட்கார வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாத அந்த மனிதராவது எனக்கு இடம் விட்டார்.

கடைசியாக ஒன்று கேட்டேன்.

“அந்தக் கொதாட்சு உன்னோடதுதானே, சயோரி?”

மறுமுனையில் ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றது.

“போர்வை புதுசுடி,” என்றாள்.