சம்பந்தியாரின் பென் டிரைவ்

எங்கள் சாமியறைத் தட்டில், திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புப் பென் டிரைவ் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு துளி சந்தனம் வைப்பேன். அதைப் பற்றி எழுத வேண்டுமென்று பல வருடமாய் நினைத்தும் கை வரவில்லை. சம்பந்தியைப் புகழ்ந்து எழுதினால், மகள் வாழப்போன வீட்டாருக்கு முகத்துதி பாடுகிறான் என்று ஊர் சொல்லும். நான் பெரிதாய்ப் படித்தவனும் அல்ல. அவர் காலமான பிறகு, இனி எதற்குப் பயம் என்று துணிந்துவிட்டேன்.

மகள் கனடாவில். மருமகனின் தகப்பனார்தான் சம்பந்தியார்; சுன்னாகத்தில் இருந்தவர், மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நத்தை போல ஓடிய எங்கள் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, மகளோடு முகம் பார்த்துக் கதைக்க ஒரு செயலியையும் அமைத்துத் தந்தவர் அவர்தான்.

பேரன் பிறந்து முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழியும் சடங்கு. அங்கே விடிய, இங்கே பொழுதுபட, தொட்டிலில் போடுவதைக் காட்டுவதாக மகள் சொல்லியிருந்தாள். மனைவிக்கு அப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. கைபேசியில் பிள்ளையின் முகம் அவளுக்கு வெறும் புகை. கணினியின் பெரிய திரைதான் கதி. பின்னேரம் நான் அந்தச் செயலியை அழுத்தினால், சின்ன வட்டமொன்று சுற்றிவிட்டு மறைந்துபோனது. திரும்ப அழுத்தினாலும் அதே. என்ன பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

“கண்டதையும் நோண்டியிருப்பியள்,” என்று மனைவி கண் கலங்கினாள். சம்பந்தியாருக்குச் சொன்னேன், மோட்டார் சைக்கிளில் எங்கள் உரும்பிராய் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

செயலியைக் கழற்றிவிட்டுப் புதிதாய்ப் போடுவோமா என்றேன்.

“பொறுங்கோ அண்ணை. என்ன வருத்தமெண்டு கேளாமல் ஆரும் மருந்து குடுப்பினமே? அதுவே சொல்லும்.”

திரையில், கட்டளை எழுதும் ஒரு கறுப்பு யன்னலைத் திறந்து, அதில் செயலியின் பெயரைத் தட்டெழுதினார். அழுத்தும்போது ஊமையாயிருந்தது, அங்கே வரிவரியாய்ப் பேசத் தொடங்கியது. கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இடமில்லையாம். மூச்சுவிடவும் இடமில்லை. உள்ளுக்கை ஆரைக் குடிவைச்சிருக்கிறியள்?”

“பிள்ளையாரை,” என்றேன்.

உண்மை அதுதான். எங்கள் கோவில் கொடியேற்றம், சப்பறம், தேர், தீர்த்தம் என்று வருடாவருடம் யார் எடுத்த வீடியோவானாலும் கேட்டு வாங்கிச் சேர்த்திருந்தேன். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் இரண்டாகவும் வைத்திருந்தேன். “இரட்டையாய் இருக்கிறதை அழிச்சாலே காணும்,” என்றார். அழிப்பதென்றால் திரையிலுள்ள குப்பைத் தொட்டிப் படத்துக்குள் இழுத்துப் போட வேண்டும். தேரில் வரும் சுவாமியைக் குப்பைக்குள் போட எனக்குக் கை எழவில்லை.

“பிள்ளையார் கோவிக்கமாட்டார், என்ரை பேரனைக் காட்டுங்கோ!” என்று மனைவி அழுதாள். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

சம்பந்தியார் என் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். சாவிக்கொத்தில் கொழுவியிருந்த பென் டிரைவைக் கழற்றி, அதிலிருந்த தன்னுடைய பாட்டுகளையெல்லாம் அழித்து, என் இரட்டைப் பிரதிகளை அதற்குள் நகர்த்தத் தொடங்கினார். “அழிக்கேல்லை அண்ணை. சுவாமி வெளிவீதி வாறார் எண்டு நினையுங்கோ.” என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன்.

பிறகு அழுத்தினார். செயலி திறந்தது. மனைவியின் கதிரையைத் திரையோடு முட்ட இழுத்துவிட்டு, அவர் பின்னால் போய் நின்றார். அவருக்கும் அது முதல் பேரன்.

“மூக்குத் தெரியுது! அச்சொட்டாய் உங்கடை மூக்கு அண்ணை!” என்று மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“உந்த மூக்கோடை பிள்ளை என்ன பாடுபடப்போகுதோ,” என்றார் அவர்.

புறப்படும்போது பென் டிரைவை நீட்டினேன், வாங்கவில்லை. “சுவாமி இருக்கிற பொருளைச் சாவிக்கொத்திலை கொழுவிக்கொண்டு திரியலாமே? சாமியறையிலை வையுங்கோ.”

இப்போது கணினியும் வேறு. மனைவிக்குக் கண்புரை வெட்டியபின் நன்றாகத் தெரிகிறது. ஏதும் செயலி திறக்காவிட்டால், நானும் முதலில் கறுப்பு யன்னலைத் திறந்து அது சொல்வதைக் கேட்கிறேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சம்பந்தியாரும் அன்று விழுந்து விழுந்து சிரித்ததாய்ச் சேர்த்தும் விடுகிறார்கள். நேற்று அந்தப் பென் டிரைவுக்குச் சந்தனம் வைக்கும்போது அதுதான் மனதை அறுத்தது. ஒருநாள் பேரன் காதிலும் இது விழும். வாசிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் யாருக்குச் சொன்னாலும் நடந்தபடியே சொல்லுங்கள். அவர் சிரிக்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்தார்.