புஹாரி நானா கடைத் திரை

மடுல்சீமைச் சந்தியில் புஹாரி நானாவின் கடைக்குள் நுழைகிறவர்கள் அரிசி மூட்டைக்கு முன்னால் திரையைத்தான் பார்ப்பார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கியது அது. கறுப்பு நூலில் நிலம், அதில் சிவப்புப் பூ, பச்சை இலை. உள்ளே பார்க்கக் கூடாது என்று கட்டிய ஒன்றை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

திரைக்குப் பின்னால் இருந்தவள் நானாவின் மனைவி முஹ்ஸினா. பதுளையிலிருந்து மாட்டு வண்டியில் கல்யாணப் பெண்ணாக வந்தவள். வந்த பாதையை மழை அடித்துக்கொண்டு போனதோ என்னவோ, தாய் வீட்டார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தால் வெட்டி நிறுத்திய மண்மேடும் அதில் ஒழுகும் தண்ணீரும்தான். வெளியே போக, வர, கடை ஒன்றே வழி. கடைக்கு வருகிறவர்கள் பெண்களானாலும் உள்ளே போகக் கூடாது. "கடை வேற, வீடு வேற" என்பது நானாவின் சட்டம். அது காப்பாற்றியது மனைவியையா மிளகாய் மூட்டையையா என்று அவரைக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

முன்பு அங்கே தொங்கியது ஒரு பழைய சேலை. நைந்துபோன அதன் வழியே ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள். யார் வந்தார், யார் கடன் கேட்டு அசடு வழிந்தார் என்று அந்த நிழல்களோடு முஹ்ஸினாவுக்குப் பொழுது போனது. ஒரு நாள் மாரிசாமி கங்காணி புகையிலையைக் கிள்ளிக்கொண்டே, "என்னங்க நானா, திரைன்னு சொல்லி வலையக் கட்டி வச்சிருக்கீங்க? உள்ள ஆள் நடமாடுறது தெரியுதே" என்றார். நானாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போனார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நானா ஒரு தகரப் பெட்டியைத் திறந்தே பாராமல் எடுத்தார். உள்ளே கண் கண்ணாக ஓட்டை விட்ட துணிச்சுருளும் கம்பளி நூல் கண்டுகளும் கிடந்தன. மா சலிக்கும் துணி என்று விற்கப் பார்த்தார். மாவோடு தவிடும் வண்டும் சேர்ந்தே இறங்கியதால் எடுத்தவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள்.

"இது துரைசாணிமார் தைக்கிற துணி," என்றாள் முஹ்ஸினா. "நூலால ஓட்டையெல்லாம் அடைச்சா சித்திரமா வரும்."

"அடைச்சா ஆள் தெரியுமா?"

"ஒழுங்கா அடைச்சா தெரியாது."

"அப்ப திரைக்கு ஆச்சு. ஒரு ஓட்டையும் மிஞ்சப்படாது புள்ள."

மனைவியை மறைக்க ஓட்டைத் துணி வாங்கி, அந்த ஓட்டைகளை மனைவியைக் கொண்டே அடைக்கச் சொன்ன வியாபாரி இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பதுளையில் பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மா, ஊர் வாயில் நோனா, அவளுக்குப் பழக்கிய வேலை அது. புள்ளடித் தையல். மூலைக்கு மூலை ஒரு கோடு, அதன் மேல் குறுக்கே இன்னொன்று. துணி தெரியாமல் மூடுவதில்தான் வித்தை இருக்கிறது. ஒற்றை இழை என்றால் துணி பல்லைக் காட்டும். மூன்று இழை என்றால் துணியே கோணிக்கொள்ளும். இரண்டு இழையைப் பிரித்தெடுத்து, பாயில் படுத்த பிள்ளைகள் போல் பக்கம் பக்கமாகப் படுக்க விட வேண்டும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறி ஒல்லியாகும். அப்போது ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கு அவிழும். இறுக்கி இழுக்கவே கூடாது.

முஹ்ஸினா ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி தைத்தாள். பாதித் துணி நிறைந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, ஒவ்வொரு தையலும் கடையில் ஓர் ஆளை அழிக்கிறது என்று. நானா சொன்னபடி முடித்தால் மிஞ்சுவது மண்மேடு மட்டும்.

கீழ்ப்பக்கத்து இலை ஒன்றை அவள் ஒற்றை இழையில், கற்றதற்கெல்லாம் எதிராக, இறுக்கி இறுக்கித் தைத்தாள். தூரத்துக்கு அது இலை. கண்ணை ஒட்டி வைத்தால் சன்னல். உள்ளே விளக்கு எரிந்தால் மட்டும் அந்த இலை மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பலகை போட்டுக் கடையை மூடும்வரை இருட்டிலேயே இருந்தாள். "எங்கட வீட்டுல எண்ணெய் மிச்சம். கெட்டிக்காரி," என்று நானா கடையில் பெருமை பேசினார்.

ஒரு பிழை மட்டும் நேர்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அளவு பார்த்தவள், வருகிறவர்கள் நிற்பார்கள் என்பதை மறந்துபோனாள். அவளுக்குக் கிடைத்தவை கைகள்தாம். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள்.

ரெங்கம்மாவின் முகம் கிடைத்தது ஒரு மழை நாளில். கொழுந்தெடுக்கும் ரெங்கம்மா அரிசி முடிச்சைக் கட்டக் குந்தினாள். நேரே இலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நானா, இந்த எலை இருக்கே..."

முஹ்ஸினா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"என்ன அதுக்கு?" என்றார் நானா.

"பச்சை ரொம்ப நல்லாருக்குங்க."

அதற்குப் பிறகு ரெங்கம்மா குந்தாமல் முடிச்சுக் கட்டியதில்லை. குந்தினால் வாய் ஓயாது. லயத்து வரிசை வீட்டுச் சண்டை, பக்கத்துக் காம்பரா அறையில் பிள்ளைப்பேறு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் யார் வசை வாங்கினார் என்பதெல்லாம் இலையைப் பார்த்தபடியே வரும்.

"இதெல்லாம் எனக்கு ஏன் சொல்றாய்?" என்பார் நானா.

"கேக்கப் பிடிக்காட்டி அரிசிய அளங்க நானா. அதுல அளவக் கொறைக்காதீங்க."

திரைக்கு உள்ளே முஹ்ஸினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய குரலை ரெங்கம்மா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் பனிக்காலத்தில் ரெங்கம்மா வந்தாள். அரிசி வாங்கவில்லை; ஆனாலும் குந்தினாள்.

"பூனாகலைத் தோட்டத்துக்குப் போறோம் நானா. அவரு அங்க பேர் பதிஞ்சுட்டாரு. இனி இந்தப் பக்கம் வர வாய்க்காது."

"நல்லது, போய்ட்டு வா."

"சரிங்க. ஒடம்பப் பாத்துக்கங்க. தனியா கெடந்து மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன்," என்றார் நானா திகைத்து.

முஹ்ஸினா மேலும் சில நாள் இலையில் கண் வைத்துப் பார்த்தாள். கைகள் வந்தன, போயின. யாரும் குந்தவில்லை. பிறகு பெட்டியில் மிச்சமிருந்த பச்சை நூலை எடுத்தாள். இரண்டு இழை, பக்கம் பக்கமாக, இறுக்காமல். இலை நிறைந்தது. பறங்கி நோனா தடவிப் பார்த்தாலும் ஓர் ஓட்டை அகப்படாது.

அன்றைக்கு மாலையிலேயே விளக்கை ஏற்றினாள். திரையில் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை.

மாதக் கடைசியில் நானா எண்ணெய்ப் போத்தலை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "என்ன புள்ள, இப்பல்லாம் எண்ணெய் சும்மா எரியுது?"