தகரத்துக்குக் கீழே ஓர் அங்குலம்

இமெல்டாவுக்கு நண்டு வாங்கி அனுப்பும் வாடியில் வேலை. தேவன்பிட்டிக் கரையில் இறங்கும் நண்டைத் தரம் பிரித்து, காலைக் கட்டி, ஐஸ் தூவி, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். கை வேகமானது; வாய் திறப்பது குறைவு. பதினொரு மணி ஆனதும் பிளாஸ்ரிக் முன்துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவாள். முதலாளி ஆதம்பாவா ஒன்றும் கேட்கமாட்டார். அரை நாள் வேலைக்கு அரை நாள் சம்பளம், அவ்வளவுதான்.

வீட்டில் அவளுடைய புருஷன் பஸ்ரியன் படுத்திருந்தான். 2009 மாசியில் ஷெல் துண்டு ஒன்று முதுகில் ஏறியதிலிருந்து நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. கை இரண்டும் நல்ல பலம். தானே சக்கர நாற்காலிக்கு மாறுவான், இருந்தபடியே கிழிந்த வலை பொத்துவான். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு கஷ்டம் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது. உடம்பில் ஏறிய சூடு இறங்க வழி இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கடைசிக் கட்டக் காசு அவனுடைய வைத்தியத்துக்குப் போனதால், சுவர் எழும்பிய வீட்டுக்கு ஓடு போடமுடியாமல் தகரம் போட்டிருந்தார்கள். நடுப்பகலில் அந்தத் தகரத்தின் கீழ் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை இமெல்டா துணியை நனைப்பதும் பிழிவதும் அவன் நெஞ்சில் போடுவதுமாக இருப்பாள். போன சித்திரையில் அதுவும் போதவில்லை. காய்ச்சல் நூற்றி நாலுக்குப் போய், வலிப்பு வந்து, மன்னார் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். இன்னொருமுறை இப்படி வந்தால் ஆளைத் திருப்பித் தருவதாகச் சொல்லமாட்டேன் என்று டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவள் பஸ்ரியனுக்குச் சொல்லவில்லை.

இப்போது மறுபடியும் மாசி முடியப் போகிறது.

அந்தக் கிழமைதான் வாடிக்கு ஒரு லொறி வந்தது. ஆதம்பாவா ஐஸ் அறையைப் பெருப்பித்திருந்தார். அதன் கூரைக்கும் சுவருக்கும் போம் என்கிற நுரையை அடிக்க வந்த லொறி. இரண்டு ட்ரம், ஒரு நீளக் குழாய், அதன் நுனியில் விசை வைத்த துவக்கு மாதிரி ஒன்று. முகமூடி போட்ட பெடியன் அதை அழுத்த, மஞ்சளாய்த் தண்ணி போலப் போய் விழுந்த சாமான் கண்முன்னே அப்ப மா மாதிரிப் பொங்கி, பொங்கினபடியே இறுகிவிட்டது. பதினொரு மணிக்கு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு இமெல்டா உள்ளே போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெளியே வந்து அதே சுவரின் வெயில் பக்கத்திலும் வைத்தாள். கையை உடனே இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகப் பத்து நிமிடம் பிந்திவிட்டது.

அடுத்த நாள், துவக்குப் பிடித்த பெடியன் முகமூடியைக் கழற்றித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், அவள் கிட்டப் போனாள். அவன் முருங்கனைச் சேர்ந்தவன், பெயர் கபிலன்.

"தம்பி, இதை வீட்டுக்கும் அடிப்பீங்களோ?"

"ஓம் அக்கா. கொழும்பில இப்ப வீடுகளுக்குத்தான் கூட."

"பெட்டிக்குள்ள ஐஸ் இருக்கிறபடியால் பெட்டி குளிரைப் பிடிச்சு வச்சிருக்கும். எங்கட வீட்டுக்குள்ள ஐஸ் இல்லையே. அது எதைப் பிடிச்சு வச்சிருக்கும்?"

கபிலன் கோப்பையைக் கீழே வைத்தான். "பெட்டி குளிரை வெளிய விடாது. வீட்டில அது வெயிலை உள்ள விடாது. சாமான் ஒண்டுதான்."

"உள்ள வந்த சூடு?"

"யன்னலால போகும்."

"யன்னலைத் திறந்தால் பிறகு பெட்டி எப்பிடிப் பெட்டியாகும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, நீங்கள் எங்கட இஞ்சினியரைத்தான் கேக்கவேணும். நான் அடிக்கிற ஆள். ஆனால் அடிச்ச வீட்டுக்குள்ள நிண்டனான். தகரத்தின்ர அனல் தலையில இறங்காது. அது எனக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை லொறி திரும்பிப் போகிறது. அதற்கு முன் சொன்னால் வந்த லொறிக்குக் கூலி இல்லை. பிறகு கூப்பிட்டால் லொறிக் கூலியே இருபதாயிரம் என்றும் அவன் சொன்னான். அன்று செவ்வாய்.

நண்டுக்கு ஐஸ் போடும்போது இமெல்டா இதைப் பக்கத்தில் நின்ற றஞ்சிதத்திடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"நண்டுக்கு அடிக்கிறதை மனுசனுக்கு அடிக்கப் போறியோ? பஸ்ரியனையும் தரம் பிரிச்சுப் பெட்டியில போட்டு ஏத்திவிடன், நல்ல விலை போவார்," என்றாள் றஞ்சிதம். சிரித்து முடித்ததும் அவளே புத்தியும் சொன்னாள்: தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு போடு, செலவில்லை. பக்கத்து மேசையில் நின்றவள், கிடுகில் காகம் கூடு கட்டும், ஒரு நெருப்புப்பொறி போதும் என்றாள். மூன்றாவது ஆள், மன்னாரில் வெள்ளிக் கடதாசி மாதிரி ஒரு சீற் விற்கிறார்கள், தகரத்துக்குக் கீழே விரித்தால் சரி என்றாள். அதை விரிக்கத் தகரத்தையெல்லாம் கழற்ற வேண்டும் என்றாள் நாலாவது ஆள். வெள்ளைப் பெயின்ற் அடித்தால் போதும் என்று ஒரு குரல். பதினொரு மணிக்கு இமெல்டா சைக்கிளில் ஏறும்போது தலைக்குள் நாலு கூரை இருந்தது. எதன் கீழும் பஸ்ரியனைப் படுக்கவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவளிடம் இருந்தது சீட்டுக்காசு நாற்பதாயிரம். அதற்குள் எத்தனை அடி அடிக்கலாம் என்று பார்க்க, வலைக் கயிற்றை எடுத்துப் பஸ்ரியனின் அறையை அளந்தாள். கையை விரித்து, கயிற்றை ஒரு கைநுனியிலிருந்து மறு கைநுனிக்குப் பிடித்து, கடற்காரர் அளக்கும் மாதிரி. நீளம் இரண்டரைப் பாகம், அகலம் இரண்டு பாகம். ஒரு பாகம் ஆறு அடி என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். பதினைந்தும் பன்னிரண்டும். பெருக்கிப் பார்த்தாள்: நூற்றி எண்பது. கபிலன் சொன்ன விலை, சதுர அடிக்கு இருநூற்றி இருபது என்றால் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு. கையில் நானூறு ரூபா மிஞ்சும். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

புதன் பின்னேரம் கபிலன் அளக்கும் ரேப்போடு வந்தான். அறையை அளந்துவிட்டு, "நூற்றி இருபது அக்கா," என்றான். பிறகு மேலே பார்த்து, "ஆனால் கூரை சரிவு. தாழ்வாரத்தையும் சேர்த்தால் நூற்றி ஐம்பது," என்றான்.

நூற்றி எண்பது, நூற்றி இருபது, நூற்றி ஐம்பது. ஒரே அறை. ஒரு நாளுக்குள் சுருங்கி, விரிந்து, நடுவில் நின்றுவிட்டது. பெடியன் தன்னை ஏமாற்றுகிறானோ, ஏமாற்றுகிறவன் ஏன் குறைத்துச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. கயிற்றைக் காட்டித் தன் கணக்கைச் சொன்னாள்.

கட்டிலில் கிடந்த பஸ்ரியன் சிரித்தான். "ஆறடிப் பாகம் என்ர கைக்கு, இமெல்டா. உன்ர கைக்கு ஐஞ்சடி வந்தால் பெரிய காரியம். உன்ன நம்பி வலை விட்டிருந்தால் மீன் எங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும்."

நூற்றி ஐம்பதுக்கு முப்பத்து மூவாயிரம். மூச்சு வந்தது. ஆனால் கபிலன் அதோடு விடவில்லை. போம் இரண்டு சாதியாம். ஒன்று இறுக்கமானது, ஓர் அங்குலம் அடித்தால் இந்த விலை. மற்றது மெதுவானது, இரண்டு அங்குலம் அடிக்கலாம். அடிக்கு நூற்றி ஐம்பதுதான்.

"தடிச்சது மலிவு, மெல்லிசு விலையோ?" என்றாள்.

"ஓம் அக்கா. மெதுவானதுக்குள்ள துளையெல்லாம் திறந்திருக்கும். இறுக்கமானதில மூடியிருக்கும்."

அவள் பஸ்ரியனைப் பார்த்தாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தண்ணி குடிக்கிற மிதப்பும் குடிக்காத மிதப்பும் மாதிரியோ, தம்பி?" என்று கேட்டான்.

"அதேதான் அண்ணை."

"கடற்காத்துக்குக் குடிக்காதது," என்றான் பஸ்ரியன். வலை மிதப்பைப் பற்றி முடிவெடுப்பதுபோல் அவ்வளவு லேசாக. அறைச் சுவருக்கு மேலே உள்ள இடைவெளியைப் பலகையால் அடைக்க இன்னும் நாலாயிரம். முப்பத்தேழு. சமையல் பக்கம் அடிக்கக் கூடாது, விறகு எரியும் இடம். எல்லாம் ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்தது.

"பிறகு ஒருநாளைக்குத் தகரம் கழட்டவேணுமெண்டால்?" என்று கேட்டான் பஸ்ரியன்.

கபிலன் பெருமையாகச் சொன்னான்: "அந்தப் பயம் வேண்டாம் அண்ணை. தகரம், அதுக்குக் கீழ இருக்கிற சலாகை மரம் எல்லாம் ஒண்டாப் பிடிச்சிடும். புயலுக்கும் அசையாது. வெட்டித்தான் எடுக்கவேணும்."

"அப்ப வேண்டாம்," என்றான் பஸ்ரியன்.

கபிலன் ரேப்பைச் சுருட்டிக்கொண்டு, நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பார்ப்பேன் என்று இமெல்டாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு, போம் கெட்ட மணம் மணக்கும் என்றான் பஸ்ரியன். ஒருநாள்தான் மணக்கும் என்றாள். நெருப்புப் பிடிக்கும் என்றான். கிடுகைவிடவோ என்றாள். காசை வைத்திரு, மகள் ஜெனிஸ்ராவின் விடுதிக்குக் கட்டலாம் என்றான். அது கட்டியாகிவிட்டது. அவன் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. பதில் சொல்லச் சொல்ல அவன் இன்னும் தூரமாகப் போனான். பிறகு அவன் பக்கத்தில் இருந்து, அவன் கண் போகும் இடத்தைப் பார்த்தாள். கூரையின் உட்பக்கம். ஒவ்வொரு தகரத்திலும் நீலப் பெயின்ற்றில் ஓர் இலக்கம். அவன் கண் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது, இரண்டிலிருந்து மூன்றுக்கு.

யுத்தகாலத்தில் இந்தக் கரை ஆட்கள் ஓடும்போது கூரையையும் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். போகிற இடத்தில் மரம் கிடைக்கும், மண் கிடைக்கும், தகரம் கிடைக்காது. பஸ்ரியன் தகரங்களுக்கு இலக்கம் எழுதி வைத்திருந்தான், ஓட்டைக்கு நேரே ஓட்டை வரும்படி மறுபடி அடிக்க. நாலு இடத்தில் கழற்றி நாலு இடத்தில் போட்டான். இருபத்தினாலு தகரத்தை முக்கால் மணித்தியாலத்தில் இறக்கி உழவு இயந்திரத்தில் கட்டுவான். மற்றவர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது இடத்தில் அவனே விழுந்துவிட்டான். அந்தத் தகரங்கள் அங்கேயே போயின. ஊருக்குத் திரும்பி இந்த வீட்டுக்குப் புதுத் தகரம் போடும்போது, அவன் சக்கர நாற்காலியில் இருந்தபடி, ஆணி வேண்டாம், கொளுக்கி போடுங்கோ என்று மேசனோடு சண்டை பிடித்தான். இலக்கத்தை இமெல்டாவைக் கொண்டு எழுதுவித்தான். எதற்கு என்று அவள் அப்போது கேட்கவில்லை. அது வீடு கட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்திருந்தாள்.

வியாழன் மத்தியானம் காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. ஒரு மணிக்குப் பஸ்ரியனுக்குக் காய்ச்சல் நூற்றி இரண்டு. துணி நெஞ்சில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. அவன் உதடு வெடித்து, பேச்சுத் தடுமாறியது. இமெல்டா மூன்று வாளி தண்ணீர் முடித்து நாலாவதற்குக் கிணற்றடிக்கு ஓடினாள். காய்ச்சல் இறங்க நாலு மணி ஆயிற்று.

நாலரைக்கு அவள் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, திரும்பவும் ஓடவேண்டி வரும் எண்டு நினைக்கிறியளோ?"

"நினைக்கேல்லை. வராதெண்டும் சொல்லேலாது."

"வந்தால் ஆர் கூரையில ஏறுறது?"

அவன் தன் கால்களைப் பார்த்தான்.

"எனக்கு இருக்கிறது ஐஞ்சடிக் கை. நீங்களே சொன்னீங்கள். அந்தக் கையால நான் உங்களைத் தூக்கிறதோ தகரத்தைத் தூக்கிறதோ? ரெண்டையும் தூக்கேலாது." பிறகு, இத்தனை மாதமாகச் சொல்லாததையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே.

பஸ்ரியன் கூரையின் இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "இந்த அறை மட்டும்," என்றான் கடைசியில். "மற்றத் தகரங்களில கை வைக்கப்படாது."

"மற்றதுக்குக் காசும் இல்லை," என்றாள் இமெல்டா. அதற்கு அவன் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ரியனைக் கட்டிலோடு தூக்கி றஞ்சிதத்தின் வீட்டுக் கொட்டிலில் வைத்தார்கள். பெட்டியில் போட்டு ஏத்திவிடு என்று சொன்ன அதே றஞ்சிதம்தான் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். தகரத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்க்க ஒரு மணித்தியாலம். அடிக்க இருபது நிமிடம். லொறி போன பிறகு இமெல்டா வாசலில் நின்று பார்த்தாள். கூரையே தெரியவில்லை. மஞ்சளாய், மேடும் பள்ளமுமாய், ஏதோ ஒரு பெரிய பூச்சி கட்டிய கூடு மாதிரி இருந்தது. முப்பத்தேழாயிரம் ரூபா. பிழை விட்டுவிட்டேனோ என்று நினைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அவனை உள்ளே கொண்டுபோனார்கள். அன்று பன்னிரண்டுக்கும் காய்ச்சல் பார்த்தாள், ஒன்றுக்கும் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. ஆனால் அன்றைக்கு முகிலும் இருந்தது, காற்றும் இருந்தது. போமாலோ முகிலாலோ என்று சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை நல்ல வெயில், நூறு. பொழுதுபட்ட பிறகு அறை முன்னைவிட மெதுவாகத்தான் ஆறியது. அதைப் பற்றிக் கபிலன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு யன்னலையும் அகலத் திறந்துவிட்டாள். நூறு நல்லதா கெட்டதா, இது இன்னும் இறங்குமா, சித்திரை வந்தால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம் துணியை நனைத்துக்கொண்டு வந்தபோது பஸ்ரியன் நித்திரை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியைத் தொட்டாள்; சூடுதான், ஆனால் மனுசச் சூடு. துணியைப் போடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போட்டால் எழும்பிவிடுவான். வாளியின் விளிம்பில் அதை விரித்துவிட்டுக் குசினிக்குப் போய், சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவனைப் பார்க்கக்கூடிய இடத்தில் நிலத்தில் இருந்து சாப்பிட்டாள். மணி ஒன்றே கால். சாப்பிடும்போது இரண்டு தரம் எழும்பிப் போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.