முள்கம்பிக்குள் போன குளம்

வேலிக் கம்பியில் காய்ந்த சேலையை மருமகள் வெடுக்கென்று இழுத்தாள். அது சர்ரென்று கிழிந்த சத்தத்தில் நான் எட்டு வயதுக்குப் போய்விட்டேன்.

பாபநாசத்து மலையடியில் எங்கள் ஊருக்கு ஒரு சின்னக் குளம் இருந்தது. கோடையில் தண்ணீர் குறைந்ததும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அந்த வருஷமும் அம்மா கூடையை இடுக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். கரையைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டியிருந்தது. முள்கம்பி என்ற ஒன்றை அதுவரை நாங்கள் கண்டதே இல்லை.

"துணி காயப்போட யாரோ கட்டியிருக்காவ. குனிஞ்சு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே அம்மா நுழைந்தாள். சேலை கிழிந்தது. முதுகில் ரத்தம் வந்தது.

காவல்காரர் ஓடிவந்தார். எங்கள் தெருக்காரர்தான்.

"உள்ள வராத தாயி. குளம் இனிமே தொரைக்கு. வேற யாரும் இறங்கப்பிடாது."

"நம்ம குளத்துலயா?"

அவர் அக்கரையைக் கைகாட்டினார். அங்கே வெள்ளைக்காரத் துரை, கோழியிறகு கட்டிய தூண்டிலை வீசிக்கொண்டிருந்தார். கெண்டை ஒன்று மாட்டியது. கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முள்ளைக் கழற்றி, அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

அம்மாவின் இடுப்பிலிருந்து கூடை நழுவியது.

"திங்கதுக்கு இல்லியா அண்ணாச்சி? பொறவு எதுக்குப் பிடிக்கான்?"

"எனக்கும் வெளங்கல தாயி."

"நல்ல சேலை போச்சே அத்தை" என்கிறாள் மருமகள். அன்று அம்மா சேலையைப் பற்றிப் பேசவே இல்லை. வீடு வரைக்கும், "விட்டுட்டானே, விட்டுட்டானே" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.