அத்தானும் வயர் இல்லாத ரயிலும்

உப்பலில் அக்கா வீட்டு மாடியறையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கறுப்பு வயர். மூன்று சுவர்களையும் ஒட்டிப் போட்ட பலகைகளின் மேல் அத்தானின் குட்டி ரயில்கள் ஓடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியை அந்த நீண்ட வயரோடு கையில் பிடித்துக்கொண்டு, ரயிலின் கூடவே அவரும் நடப்பார். வயர் தீர்ந்ததும் அவர் நின்றுவிடுவார், ரயில் நிற்காது. எதிர்மூலைக்குப் போய்த் தடம் புரளும். துணி காயப்போடப் போன அக்கா ஒருநாள் அந்த வயர் தடுக்கி விழுந்தாள். "வயர் இல்லாததா மாத்துங்க. இல்லாட்டி ரூமைக் காலி பண்ணுங்க" என்றாள். என் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு போயின.

நான் குகட்பள்ளியில் மென்பொருள் வேலையில் இருந்ததால், பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழி இரண்டே இரண்டு. செல்போன் செயலி ஒன்று. திருகு வைத்த, ரேடியோவில் இயங்கும் கைக்கருவி இன்னொன்று. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதருக்கு எத்தனை மாதம் வேண்டும்? செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அத்தான், நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹவ், நீ சொல்றது கரெக்ட். ஆனா இப்ப நக்கோ, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார். அந்த ஊர்ப் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். மெட்ரோவில் அமீர்பேட்டையில் மாறி வீடு திரும்பும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

கடைசியில் அவரைக் கேட்காமலே அவர் போனில் செயலியை ஏற்றிக் கையில் கொடுத்தேன். ரயில் அழகாகக் கிளம்பியது. வளைவு வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் விரல் திரையில் எங்கெங்கோ தடவியது. "பட்டன் இடம் மாறிப்போச்சுடா!" என்று கத்தினார். அது மாறவே இல்லை. திரையின் அடியில் பெரிதாக, சிவப்பாக இருந்தது. இன்ஜின் பலகையைத் தாண்டித் தரையில் விழுந்து உடைந்தது. அத்தான் குனிந்து அதைத் தேடினார். சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, "உங்க கால்கிட்டதானே கிடக்கு, தெரியலையா?" என்றாள். அவர் கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் அவர். "கீழ்ப்பக்கம் கொஞ்ச நாளாவே மங்கல்தான். வயசுன்னு விட்டுட்டேன்" என்றார் அத்தான். ஆட்டோவில் ஏறும்வரை பொறுத்திருந்த அக்கா வெடித்தாள்: "பொம்மை ரயிலுக்கு மாசக்கணக்கா யோசிச்சீங்களே, கண்ணுக்கு ஒரு நாள் யோசிக்கக் கூடாதா?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

திருகு வைத்த கைக்கருவியை நானே வாங்கி வந்தேன். பார்க்காமலே கட்டைவிரலால் திருகலாம். அத்தானின் கை ஒரே நாளில் பழகிக்கொண்டது. "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று கூசாமல் சொன்னார். அவர் சொல்லவே இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

இப்போது தினமும் சாயங்காலம் மருந்து விட்டதும் அவர் சற்று நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரயிலை ஓட்டுவது அக்கா. அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, "வளைவு வருது, அவ்வளவு வேகம் நக்கோ!" என்று அதட்டுகிறார்.

"கண்ணைத் திறக்காதீங்க" என்கிறாள் அக்கா, வேகத்தைக் குறைத்தபடி.