பன்றி வேலிக்குப் போன கார் பேட்டரி

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. மருமகள் செல்வி கார் சாவியைத் திருகினாள். டக்... டக்... டக்... கோழி தவிட்டுச் சட்டியைக் கொத்துவது போல ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

பின்சீட்டில் குப்பம்மா அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம். தலை முழுகி, வெளுத்த புடவை கட்டி, மடியில் பையை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். போகிற இடம் என்னவோ வேலூர் ஆஸ்பத்திரி. கண் ஆபரேஷன். பத்து மணிக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு ஒரு கண்ணில் போன வருஷமே புரை மூடிவிட்டது. அடுத்த கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை சர்க்கரை ஏறிப்போய் தேதி தள்ளிவிட்டது. இந்தத் தேதியும் போனால் பொங்கல் கழித்துத்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆறு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மத்தியானம்.

"இன்னா, கெளம்பலயா?" என்றாள் அக்கா.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் எதிரே இருந்த பலாமரத்தைப் பார்த்தேன்.

காரணம் எனக்குத் தெரியும் அல்லவா?

எங்கள் மலையில் பேட்டரி என்றால் அது ஊருக்குப் பொது. என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டிய காலத்தில், அந்த ஜீப்பின் பேட்டரி ஜீப்பில் இருந்த நாளைவிட வெளியே இருந்த நாள்தான் அதிகம். கோயிலில் கூழ் ஊற்றினால் மைக் செட்டுக்குப் போகும். சாவு வீட்டுக்கு விளக்கு எரிக்கப் போகும். காட்டுப்பன்றி இறங்கினால், கம்பிக்கு ஷாக் ஏற்றுகிற வேலிப் பெட்டிக்குப் போகும். கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். பேட்டரியைக் கேட்டு இல்லை என்று இதுவரை ஒருத்தரையும் திருப்பி அனுப்பியது கிடையாது... அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அன்றைக்கு மூன்று நாள் முன்னால் குப்பம்மா அக்காவே வந்து நின்றாள். சாமைக் கதிர் முற்றியிருந்தது. வேலிப் பெட்டியின் பேட்டரி செத்துப்போச்சு, பன்றி பாதிக் கொல்லையை மேய்ந்துவிட்டது என்று அழாத குறை. செல்வி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் கார் சும்மா நின்றது. ஓசூரில் வேலை செய்கிற மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கார். பிறகென்ன? ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு ராத்திரி வேலிக்கு வைத்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். செல்வி வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சொல்லவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அத்த..." என்றாள் செல்வி.

நான் முந்திக்கொண்டேன். "அக்காதான் கேட்டுச்சி."

பின்சீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "நான் கேட்டா? நீ எதுக்குக் குடுத்த?"



ஜமுனாமரத்தூர் மெக்கானிக் பாபுவுக்கு செல்வி போன் போட்டாள். வண்டியின் பேரைக் கேட்டுக்கொண்டு, அதற்கான புது பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு அவர் வந்து சேர ஏழே முக்கால் ஆகிவிட்டது. அதுவரை அக்கா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "எறங்கனா இன்னிக்கும் போவ மாட்டீங்க" என்று ஒரே பிடி.

பாபு பானெட்டைத் திறந்தார். மைனஸ் கம்பியின் முனையில் ஒரு குட்டிப் பெட்டி. அதற்கு வர வேண்டிய மெல்லிய ஒயர் தனியாகத் தொங்கியது.

"பெரிம்மா, இத எதுக்குக் கழட்டினீங்க?"

"அது எதுக்கு இருந்துச்சி?"

"பேட்டரி எப்படி கீதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே இதுதாம்மா!"

கம்ப்யூட்டரா? நான் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். டிவி மாதிரி எதுவும் இல்லை. ரேஷன் கடையில் இருப்பது போலவும் இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள்? கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

பாபு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். பிளஸ் மாட்டினார். மைனஸ் வைத்தார். அவ்வளவுதான்... கார் ஓவென்று கத்த ஆரம்பித்தது. நாலு பக்கமும் விளக்கு மினுக்கியது. கதவெல்லாம் டக்கென்று பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. அக்காவும் உள்ளே.

பேரப்பிள்ளைகள் திறந்துவிடக் கூடாது என்று பின்கதவுகளில் ஏதோ பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளிருந்து இழுத்தால் திறக்காதாம்.

"பெரியத்த, முன்சீட்டுக்கு வாங்க! அந்தக் கதவு தொறக்கும்!" என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள் செல்வி.

"எப்படிடி வர்றது? நான் இன்னா கொரங்கா?"

"நடுவுல காலப் போடுங்க!"

எழுபது வயசு. பாதிக் கண். காது கிழிகிற சத்தம். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே ஊர்ந்தாள். கை பட்டுக் கண்ணாடித் துடைப்பான் ஓடியது. முழங்கால் பட்டு ரேடியோ பாடியது. கடைசியில் எதையோ பிடித்து இழுக்க, கதவு திறந்தது. செல்வி பாய்ந்து சாவியை எடுத்து அமுக்கினாள். அமைதி.

அக்கா முன்சீட்டிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். "இது நல்லாத்தான் கீது. இங்கயே ஒக்காந்துக்கறேன்" என்றாள்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் குலசாமியைக் கும்பிட்டேன். ஆனால் கதை அதோடு முடியவில்லையே! ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஏழெட்டு விளக்கு. நடுவில் இங்கிலீஷில் ஏதோ எழுதி எழுதிக் காட்டியது. தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். அதனிடம் என்ன பேசுவேன்? இன்ஜின் ஒரு நேரம் உறுமியது, ஒரு நேரம் மூச்சு வாங்கியது. கண்ணாடி பாதி ஏறி நின்றது.

"வண்டி எல்லாத்தையும் மறந்துடுச்சிம்மா" என்றார் பாபு.

மறந்துவிட்டதா? பேட்டரியைத்தானே எடுத்தேன்?

ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பினார். ஒரு விளக்கு போனது. கண்ணாடியின் பொத்தானை அமுக்கியே பிடித்தார். கண்ணாடி ஒழுங்காக ஏறியது. "இப்ப பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும். ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது. அதுவா கத்துக்கும்" என்றார்.

ஒருத்தரும் தொடக் கூடாது! எங்கள் ஊரில்! கார் கத்தின கத்தலுக்கு அதற்குள் பாதி ஊர் கூடியிருந்தது. ஒருத்தர் கதவைத் திறந்து பார்க்கிறார். ஒருத்தர் எலுமிச்சம்பழத்தோடு வருகிறார். "கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமா?" என்று பின்னால் இரண்டு பேர். ஓடுகிற வண்டியை எதற்கய்யா தள்ளுவது? நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, கார் படித்து முடிக்கிறவரை சுற்றிச் சுற்றி வந்தேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் எல்லா விளக்கும் போயிருந்தது. ஒன்றைத் தவிர. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.

செல்வி வேலூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தாள். அங்கே போனை எடுத்த பெண், மெஷின் வைத்துப் பார்த்தால்தான் சரியாகும், வண்டியைக் கொண்டுவாருங்கள் என்றாள். இப்படியே ஓட்டிவரலாமா என்று கேட்டதற்கு, அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

மணி எட்டரை. அமிர்தி வழியாக இறங்குகிற பாதை எப்படி வளையும் என்று போனவர்களுக்குத் தெரியும். செல்வி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயம் நியாயம்தான். நடுவழியில் நின்றால் என்ன செய்வது?

பாபு மறுபடி ஒருமுறை எல்லாம் தொட்டுப் பார்த்தார். பிரேக்கை மிதித்து ஓட்டிப் பார்த்தார். "பிரேக்கு நல்லா கீது, இன்ஜின் நல்லா கீது. இது பேட்டரி விளக்கு. அமிர்தி வரைக்கும் நான் பைக்ல பின்னாடியே வர்றேன்" என்றார்.

அப்போதும் செல்வி தயங்கினாள். முன்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எனக்கு ரெண்டு கண்ணும் போயிட்டிருக்கு, நான் வரல? அதுக்கு ஒரு வெளக்கு எரிஞ்சா இன்னாடி? எட்றீ வண்டிய!"

செல்வி எடுத்தாள்.

வழியெல்லாம் நான் அந்த விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பார்ப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும் என்று ஏனோ தோன்றியது. ஆஸ்பத்திரியில் கால் வைத்தபோது பத்தே முக்கால். நர்சம்மா மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினார். திட்டிக்கொண்டே அக்காவின் சர்க்கரையைப் பார்த்தார், பேரைப் பட்டியலின் கடைசியில் எழுதினார். போதாதா? மத்தியானம் மூன்று மணிக்கு ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "மூணு. நகத்துல மை கீது" என்றாள் அக்கா. டாக்டரே கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

திரும்புகிற வழியில் ஒர்க்‌ஷாப். அங்கிருந்தவர் ஒரு ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கையில் இருந்த மெஷினில் நாலு தட்டுத் தட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"இன்னா பண்ணீங்க?" என்றேன்.

"புது பேட்டரி வெச்சிருக்குன்னு வண்டிக்குச் சொன்னேன்மா."

"உள்ளதான கீது, அதுக்கே தெரியாதா?"

"தெரியாதும்மா. யாராவது சொல்ற வரைக்கும் பழசுதான் இருக்குன்னு நெனச்சி, பழசுகிட்ட நடந்துக்கற மாதிரியே நடந்துக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவை மூடினால் தெரிகிறது, பெல்ட் போடாவிட்டால் தெரிகிறது, தன் வயிற்றுக்குள் வைத்தது தெரியாதா?

விளங்காமலே அக்காவை அழைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். சிமெண்டுத் தரை. நல்ல வெயில். ஒரு படி கிடையாது, ஒரு கல் கிடையாது. கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து எதிர்க் கடை போர்டில் இருந்த கிளிக்கு மூக்கு சிவப்பு என்கிறாள். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் கால் விரலால் தரையைத் தடவிப் பார்த்துத்தான் வைக்கிறாள். கை என் தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

ஒரு வாரம் ஆகிறது. இன்னும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் நடக்கிறாள்.

கண் புதுசு என்று அவளுக்கும் யாராவது சொல்ல வேண்டும்தான். நான் சொல்லப் போவதில்லை.