நல்வரவுப் பலகையில் காம்பு வைத்த புள்ளி

என் கையால் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையற்காரர் ஒருவர் தூக்கிப் போட்ட மெஷினின் இரும்புக் காலில், மிதித்தால் ஓடும் ரம்பம் ஒன்று. ரப்பர் ஏற்றுமதிப் பெட்டியின் ஒட்டுப்பலகையில் ஐந்து நிலைக் கோபுரம் ஒன்று. அதன் வாசல் ஒவ்வொன்றிலும் கதவு திறந்து மூடும். கடிகாரக் கூடு ஒன்று. அதற்குள் வைக்கக் கடிகாரம் கிடைத்தது பத்து மாதம் கழித்து. மயில் தாங்கும் விளக்கு மாடம். கடிதமே வராத என் வீட்டுக்குக் கடிதம் செருகும் தட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையின் முன்கதவுக்கு மேலே, நீங்கள் எல்லாரும் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறீர்களே, அந்த ‘நல்வரவு’ப் பலகை.

இவ்வளவையும் செய்தவன் கிள்ளான் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவன். தச்சன் மகனும் இல்லை. ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்கிக் கொடுத்த கூலியாள். எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இந்த வேலை என்ன என்று சொல்கிறேன். மெல்லிய பலகையில் படத்தை ஒட்டி, சிறு துளை போட்டு, அதில் நூல்போன்ற ரம்பத்தை நுழைத்துக் கோட்டின்மேலே அறுத்துக்கொண்டே போக வேண்டும். வேண்டாத மரம் விழுந்துவிடும், வேண்டியது பூவாகவோ மயிலாகவோ நிற்கும். சீமையில் துரைமார் பொழுதுபோக்குக்காகச் செய்வது. அங்கிருந்து வரும் வாரப் பத்திரிகையில் படத்தாள் மடித்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘பிரெட்’ வேலை என்று பெயர். பட்டறையில் அந்தப் பெயர் படாத பாடு பட்டது.

“என்னண்ணே, கிராணி வீட்டுல நெதம் பிரெட் வேலையாமே? எங்களுக்கும் ரெண்டு துண்டு கொண்டாங்க, காப்பியில தொட்டுக்கிறோம்” என்பான் கொதிகலன் பிரிவில் ஒருவன்.

“துண்டு இல்லடா, தூள்தான் இருக்கு. சீனின்னு நெனச்சுக் காப்பியில போட்டுக்க.”

அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்து வேலை. நாங்கள் குடியிருந்த கூலி லைனுக்கு எதிர்ச்சாரியில் அவருடைய குவார்ட்டர்ஸ். கதவு இறுகிப்போனதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். போனால், வராந்தாவில் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். காலடியில் ஒடிந்த ரம்பங்கள் ஏழெட்டு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ரம்பத்தின் பல் கீழே பார்க்க வேண்டும், அவர் மேலே பார்க்க மாட்டியிருந்தார். இங்கிலீஷ் புத்தகம் பக்கத்தில் விரித்தபடி இருந்தது. நான் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் ஒரு சாண் நீளம் அறுபட்டது.

“நீர் இந்த வேலை முந்திச் செய்திருக்கிறீரோ?” என்றார்.

“இல்லீங்கய்யா. இன்னைக்குத்தான் பாக்கிறேன்.”

அன்று முதல் ஞாயிறுதோறும் அவர் வராந்தாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அவர் படம் கீறுவார், அதாவது வரைவார், நான் அறுப்பேன். அவர் அறுத்தது பாதி, ஒடித்தது பாதி. நல்ல மனிதர். தேநீர் தரும்போது எனக்கும் கோப்பையில்தான் தருவார், தகரக் குவளையில் அல்ல. இதையும் எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் அவரைத் தப்பாக நினைப்பீர்கள்.

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், கப்பல் கப்பலாக ஊருக்கு இலவசமாக ஏற்றி அனுப்பினார்கள். பட்டறையில் எனக்கு வாரத்தில் பாதி நாள் வேலை நின்றது. கிள்ளானில் தோட்டத்தில் இருந்த என் மனைவியின் அண்ணனுக்குச் சீட்டுக் கிழிந்தது. அவர் ஊருக்குக் கிளம்பினார். அவரோடு என் மனைவியையும் நான்கு வயது மகளையும் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். நிலைமை திரும்பியதும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள்.

அதே சமயத்தில்தான் வாசகசாலைக்குப் புதிய கூடம் கட்டி முடிந்தது. முன்கதவுக்கு மேலே காற்று வர விட்டிருந்த இடைவெளியில் எழுத்துப் பலகை வைக்க வேண்டும் என்று கிராணி ஐயாவிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் வந்தார்.

“நான் கீறித் தாறன். நீர் வெட்டும். திறப்பு விழாவில மேடையில உம்மட பேரும் சொல்லுவிப்பன்.”

என் பெயரை அதுவரை சத்தமாகச் சொன்னவர்கள் ஆள் கணக்கு எடுக்கும் கங்காணியும் பட்டறை மணியக்காரரும்தான். நான் ஒப்புக்கொண்டேன்.

கழித்துப் போட்ட ரயில் பெட்டியின் தேக்குப் பலகையை அதிகாரியிடம் கேட்டு வாங்கினேன். பலகை முழு நீளம். என் ரம்பத்தின் கைக்குள் அது திரும்பாது. எழுத்துக்கு ஒன்றாக ஐந்து துண்டு போட்டேன். ந, ல், வ, ர, வு. துண்டின் நான்கு ஓரத்தையும் சட்டமாக விட்டு, எழுத்தைச் சுற்றிலும் மரத்தை எடுத்துவிட வேண்டும், எழுத்து மட்டும் கீழ்ச்சட்டத்தில் நிற்க வேண்டும். நான்கு எழுத்தும் அழகாக நின்றன. சிக்கல் ‘ல்’லில். அதன் தலைக்கு மேலே புள்ளி இருக்கிறதே, அது எதையும் தொடாமல் ஆகாயத்தில் இருக்கிறது. தாளில் இருக்கலாம். மரத்தில் சுற்றிலும் அறுத்தால் புள்ளி தரையில் விழும்.

நான் யோசித்து, எழுத்தின் வலது தலையிலிருந்து ஒரு மெல்லிய வால் விட்டு அதன் நுனியில் புள்ளியை வைத்தேன். திறப்பு விழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இதென்ன காணும் இது?”

“புள்ளிங்கய்யா. விழாம இருக்க எழுத்தோட சேத்துட்டேன்.”

“வாசியும் பாப்பம்.”

“நல்வரவு.”

“நீர் உம்மட மனசில இருக்கிறதை வாசிக்கிறீர். பலகையில இருக்கிறதை வாசியும்.”

பார்த்தேன். வாலும் உருண்டையும் சேர்ந்து ல் என்பது லி ஆகிவிட்டிருந்தது.

“நலி... வரவு.”

“நலி வரவு! ரப்பர் விலை கிடக்கிற கிடையில இதைக் கதவில மாட்டினால் சனம் உண்மையெண்டு நம்பிப்போடும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே சொன்னார்: “புள்ளியைத் தனிய வெட்டி வச்சிரம் போட்டு ஒட்டிவிடும். இல்லாட்டி விடும். பழைய ஏட்டில ஆர் புள்ளி வைச்சவை?”

எதில் ஒட்டுவது? பின்னால் ஒரு கம்பி கொடுத்து அதில் ஒட்டலாம். கதவு நான்கு முறை படாரென்று அடித்தால் புள்ளி யாருடைய தலையிலாவது விழும். விட்டுவிடவும் எனக்கு மனம் இல்லை. தோட்டப் பள்ளியில் எனக்கு விழுந்த முதல் அடியே புள்ளி வைக்காததற்குத்தான். ஒரே மரத்தில், கம்பியும் பசையும் இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்துப்பிழை போட்டான் என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது.

வழி, திரும்பி வரும்போதே தோன்றிவிட்டது. புள்ளியை எழுத்திலிருந்து மேலே ஏற்றாமல், மேல்சட்டத்திலிருந்து கீழே தொங்க விடுவது. பழம் காம்பில் தொங்குகிற மாதிரி. எழுத்தைத் தொடாது, அதனால் எழுத்தும் மாறாது. ஆனால் அதற்குப் புதிதாக ஒரு துண்டு முழுவதும் அறுக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கோடு தெரியாது. ஞாயிறு காலைதான் அறுக்க முடியும்.

ஞாயிறு காலைதான் துறைமுகத்துக்கு ரயில். விழா அதே நாள் பிற்பகல்.

விடிந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் தகரப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

“கப்பல் இன்னைக்கு விட்டா போயிரும். பலகைய நாளைக்கு மாட்டினா கதவு ஓடிப்போயிருமா?”

“சாயங்காலம் தெறப்பு. மேடையில பேர் சொல்றாங்க.”

“யாரு பேர?”

“எம்பேர.”

அவள் பெட்டியைப் பூட்டினாள். “அத நீங்க கேக்கணும். சரி. இருந்து கேளுங்க.”

அவளுடைய அண்ணன் வாசலில் நின்று, “மச்சான், பொண்டாட்டி புள்ளய ஏத்திவிட வராம இருக்கிறது நல்லால்ல” என்றார்.

“விடுண்ணே. வந்தாலும் அங்க நின்னுக்கிட்டுப் புள்ளியத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு.”

மகள் ரம்பத்தின் கீழே விழுந்த துண்டுகளில் இரண்டைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர்கள் போனார்கள். நான் மெஷினில் உட்கார்ந்தேன்.

இங்கே என் மூளையைக் கொஞ்சம் கவனியுங்கள். மரத்தின் ரேகை படுத்திருந்தால், நின்று தொங்கும் காம்பு குறுக்கே ஒடிந்துவிடும். அதனால் இந்த ஒரு துண்டுக்கு மட்டும் ரேகை நிற்கும்படி பலகையைத் திருப்பி வெட்டினேன். காம்பின் பருமன் ஒரு நெல்மணி அளவு. ஒரு பக்கம் அறுத்து முடித்து மறுபக்கம் பாதியில் இருந்தபோது வண்டியின் சத்தம் கேட்டது. துறைமுக வண்டி எங்கள் லைனைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுந்து நாலடி நடந்தால் சன்னல்களில் ஆள் தெரியும். காலை எடுத்தால் ரம்பம் இழுத்துக் காம்பு ஒடியும். மிதித்துக்கொண்டே இருந்தேன். வண்டி போயிற்று. காம்பு ஒடியவில்லை. புள்ளி அசையாமல் நின்றது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கால் மரத்துப்போயிருந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிற்பகலில் ஐந்து துண்டும் கதவுக்கு மேலே ஏறின. வெயில் அவற்றின் வழியாக உள்ளே வந்து சிமெண்டுத் தரையில் ‘நல்வரவு’ என்று திருப்பிப் போட்ட மாதிரி விழுந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. தலைமை தாங்கியவர் தாளைப் பார்த்துப் படித்தார்: இந்தப் பலகையை வரைந்து, அறுத்து, அன்பளிப்பாக அளித்தவர் நம் கிராணி அவர்கள். மாலை போட்டார்கள். கிராணி ஐயா எழுந்து, மாலையை வாங்கிக் கழற்றி மேசையில் வைத்து, உட்கார்ந்தார். நான் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தேன், துவைத்த சட்டையோடு. மேலும் பல பேருக்கு நன்றி சொன்னார்கள். நாற்காலி கொடுத்தவர், தண்ணீர்ப் பானை கொடுத்தவர். நான் கடைசிவரை நின்று கேட்டேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

அடுத்த ஞாயிறு கிராணி ஐயா, “சொல்லக் குடுத்தனான் காணும். எழுதினவன் விட்டுட்டான். அந்த நேரம் எழும்பிச் சொல்ல எனக்கு நா எழேல்லை” என்றார். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை முறை அவர் மேடை ஏறினார். நா ஒரு நாளும் எழவில்லை.

விலை ஏறி வேலை நிமிர்ந்ததும் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டேன். மச்சான்தான் பதில் எழுதினார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அறுப்பு முடியட்டும் என்று. அடுத்த வருடம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று. அதற்கடுத்து நான் எழுதவில்லை. அவர்களும் எழுதவில்லை. நானும் போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் ஆனதை ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நல்லது என்றேன். அன்று கடிகாரக் கூட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன், போட்டு முடித்தேன்.

என்னைக் கல் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். கல்லை இந்த மாதிரி அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது வாசகசாலைக்கு மலர் போடுகிறார்கள். பழையவர்கள் நினைவுகளை எழுதித் தர வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். அச்சுக்குப் போகும் தாளைக் காட்டினார்கள். பலகையின் புகைப்படம் நன்றாக வந்திருக்கிறது. அதன் கீழே ஒரு வரி: வரைந்து செய்தளித்தவர் என்று கிராணி ஐயாவின் பெயர். காலமான மனிதர். அவர் பெயரை எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. அவர் கீறிய தாள் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். தாளில் புள்ளி ஆகாயத்தில் இருக்கும், காம்பு இருக்காது. பலகையில் காம்பு இருக்கும். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், நான்கு துண்டில் ரேகை படுத்திருக்கும், ஒன்றில் நிற்கும். கீறியவருக்கு அது தெரியாது. அறுத்தவனுக்குத்தான் தெரியும்.

இதில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இதே தெருவில் இருக்கிறார்கள். என் பெயரையும் நானே எழுதிக்கொள்ள மாட்டேன். அதை எழுத வேண்டியது நீங்கள். உறுப்பினர் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. படத்தின் கீழே, அவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். ‘உதவியவர்’ என்று போடாதீர்கள். ‘அறுத்தவர்’ என்று போடுங்கள். போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். போட முடியாதென்றால் இந்தக் கட்டுரையையும் எடுத்துவிடுங்கள், நான் பலகையை இறக்கிக்கொள்கிறேன்.